தனி ஆளாகப் புரட்டுவது

தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். அப்பா அசையவில்லை. விரிப்புதான் அவள் பக்கம் வந்தது.

"வீடியோல அலுங்காம புரட்டினியேக்கா," என்றான் கதவருகே நின்ற தம்பி.

"வாயை மூடிட்டு அந்தப் பக்கம் வந்து பிடி."

அவனும் பிடித்த பிறகுதான் அப்பா ஒருக்களித்தார். கண் திறக்கவில்லை. ஒரு மூச்சு வந்தால் அடுத்தது யோசித்து யோசித்துத்தான் வந்தது. இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். மடித்து வைத்த துணியையே உதறி மறுபடி மடித்தாள்.

படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக அவள் உருவாக்கிய ஆன்லைன் படிப்பு நாளை தொடங்குகிறது. வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, கைபேசியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கப்போகிறவர்களுக்கான சின்னச் சின்னப் பாடங்கள். ஆபீஸில் எல்லாரும் மெச்சியது மூன்றாம் பாடத்தை. ஒல்லியான ஒரு பெண் வாட்டசாட்டமான ஒரு மனிதரைத் தனி ஆளாகப் புரட்டுகிறாள். பெண் அவள்தான். மனிதர் அப்பா.

அப்போது அவர் திடமாக இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்குப் பொழுது போகவில்லை. நோயாளியாக நடிக்கிறீர்களா என்று கேட்டு முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டார். கேமரா ஓடாதபோதும் முனகினார். "சாகக் கிடக்கிறவனுக்கு ஒரு டீ கிடையாதா?" என்று படுத்தவாக்கில் கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தார். பக்கவாதம் வந்து நிஜமாகவே படுத்தது அதற்குப் பிறகுதான். ஆஸ்பத்திரியில் புரட்ட ஆட்கள் இருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தது நேற்று.

"எதையோ விட்டுட்டேன்டா," என்றாள். "கையை நெஞ்சு மேல வச்சேன். முழங்காலை மடக்கினேன். சொல்லிக்குடுக்கிற எனக்கே வரலன்னா எப்படி?"

"இப்ப அதுவா முக்கியம்? அவர் பக்கத்துல கொஞ்சம் உட்காரேன்."

உட்கார்ந்தாள். எழுந்தாள். நாளைக்கு எவளோ ஒருத்தி அந்த வீடியோவை நம்பித் தனியாக இழுத்து, இடுப்புப் பிடித்துக்கொண்டு, ஆளைக் கீழே போட்டுவிட்டால்? கைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் மூன்றாம் பாடத்தை ஓடவிட்டாள்.

கை, முழங்கால், தோள், இடுப்பு. எதையும் விடவில்லை. மறுபடி ஓடவிட்டாள். இந்தத் தடவை தன்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். போர்வை விலகிய ஓரத்தில் அவருடைய இன்னொரு கை அவள் பக்கத்துக் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது. அவள் இழுப்பதற்கு முன்பே போர்வை சுருங்கியது. குதிகாலை ஊன்றி அவரே எழும்பி அவளிடம் வந்துகொண்டிருந்தார். முகம் மட்டும் ஒன்றும் அறியாத நோயாளியின் முகம். மகளுக்கு நோகக்கூடாதாம். அவளுக்குக் கோபமாக வந்தது, சிரிப்பும் வந்தது.

"அக்கா."

தம்பி அப்பாவின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தான். "நின்னுடுச்சுக்கா. நான் கூப்பிடறதுக்குள்ள."

ஒரு சுவர் தள்ளி நின்று வீடியோவில் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் இங்கே இல்லை. அது அவளை அறுத்தது. அழுகை வரவில்லை. நர்ஸுக்குத் தம்பி சொன்னான். அவள் வீடியோக்களைத் தொகுக்கும் பையனை அழைத்தாள்.

"மூணாம் பாடத்தை எடுத்துடு."

"மேடம், அதுதானே நம்மகிட்ட இருக்கிறதிலேயே நல்ல பாடம்? நாளைக்குத் திறக்கணுமே."

"தனி ஆளாப் புரட்டக்கூடாது. ரெண்டு பேர் வேணும். திரும்ப எடுக்கலாம்."

"நீங்க தனியாத்தானே புரட்டுறீங்க?"

"இல்ல. அப்பா ஒத்தாசை பண்ணியிருக்கார்."

அவன் சிரித்தான். "பெரிய ஆளுதான் உங்கப்பா. சரி, அடுத்த வாரம் அவரைக் கூட்டிட்டு வர முடியுமா?"

அவள் கைபேசியைக் காதிலிருந்து இறக்கினாள். "மேடம்? லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவனே வைத்துவிட்டான்.

அறையில் தம்பி புதுச் சட்டையை எடுத்து வைத்திருந்தான். கட்டிலின் மறுபக்கம் போய் நின்றுகொண்டு, "நீ இழு, நான் தள்ளுறேன்," என்றான்.

அப்பாவின் தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்தாள். வைத்துக்கொண்டு, இழுக்காமல், கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.