புதன்கிழமை எறிந்த பந்து

அந்த வருடம் எங்கள் கல்லூரியிலும், பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில், ஜெயிக்கிற அணி ஒன்று இருந்தது. என்ன, அது புதன்கிழமைகளில் மட்டும்தான் ஆடும், அதுவும் எங்களுக்கு எதிராக.

சனிக்கிழமை யாரோடு ஆட்டமோ அந்த அணியின் வேஷத்தைக் கட்டிக்கொண்டு பயிற்சியில் எங்களோடு மோதுவதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. ஆட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள். எதிராளியின் எண் போட்ட சட்டை, எதிராளியின் உத்தி, எதிராளியின் வாய்த்துடுக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்தக் கூட்டத்துக்குப் பந்து எறிகிறவன் லைல், என் அறைத்தோழன். நான்கு வருடத்தில் அவன் எத்தனையோ கல்லூரிகளின் பந்தெறியும் குவார்ட்டர்பேக்காக இருந்திருக்கிறான். எங்கள் கல்லூரிக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

நான் தடுப்பில் கடைசி ஆள். எல்லாரையும் தாண்டி வரும் பந்தைப் பறிப்பது என் வேலை. அந்தப் பருவத்தில் ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை. ஒன்பது ஆட்டம், ஒன்பதும் தோல்வி. சாப்பாட்டுக்கூடத்தில் சூப் ஊற்றும் டோரிஸ் என்னைக் கண்டாலே, "கிண்ணத்தையாவது கீழ விடாமப் பிடி கண்ணு" என்பாள். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, அறைக்குப் போய் சுவரைக் குத்துவேன்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். லைலின் அப்பா ஆர்விட் வருவார் என்பது எல்லாருக்கும் தெரியும். தெற்கு டகோட்டாவில் மாடு வளர்க்கிறவர். எங்கள் மைதானத்தில் நடக்கும் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் விடியுமுன் டிரக்கைக் கிளப்பிக்கொண்டு வந்து, வேலியோரம் நின்று, மகன் ஓரமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, மாடுகளுக்குத் தீனி வைக்கத் திரும்பிப் போவார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் லைலைத் தின்றது.

அந்தக் கடைசி புதன்கிழமை பயிற்சியில் எங்களுக்கு எல்லாமே கைகூடியது. லைலின் கூட்டத்தார் தொட்டால் விழுந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். எனக்கு அப்போதே உறுத்தியது. பிறகு லைல் எறிந்த பந்து ஒன்று, தட்டில் வைத்து நீட்டியதுபோல், நேராக என் கைக்கு வந்தது.

நான் கையை விரித்தேன். பந்து கீழே விழுந்தது.

"டேய் வேட், அதைக்கூடவா பிடிக்க முடியலை?" என்று யாரோ ஒருவன் கத்தினான். நான் நேராகப் போய் லைலின் சட்டையைப் பிடித்தேன்.

"என்னடா இது, பிச்சையா?"

"மெதுவாப் பேசு."

"நீ எறிஞ்சதா அது? என் தங்கச்சி செருப்பையே இதைவிட வேகமா எறிவா."

அவன் வாயிலிருந்த பல்காப்பை வெளியே எடுத்தான். கோச் ராடமாக்கர் தூரத்தில் விசிலோடு நின்றார்.

"கோச்தான் சொன்னாரு. தோத்துத் தோத்து உங்களுக்கு ஜெயிச்சா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சாம். ஒருநாள் ருசி காட்டுன்னாரு."

"நீயும் தலையாட்டிட்டு வந்துட்ட."

"சனிக்கிழமை ஒரு தடவை உள்ள விடறேன்னாரு வேட். ஒரே ஒரு தடவை. அப்பா வர்றாருடா."

என் கோபத்துக்குப் போக இடமில்லாமல் போயிற்று. அடுத்த பந்தைப் பிடித்துக்கொண்டு ஆரவாரமாக ஓடினால் போதும், அவன் காரியம் முடிந்தது. எனக்கென்ன நஷ்டம்? ஆனால் முடியவில்லை. ஒன்பது ஆட்டத்திலும் நாங்கள் உண்மையாகத்தான் தோற்றிருந்தோம். எங்களிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"நீ உன் இஷ்டத்துக்கு எறி. ஆனா எனக்கு இந்த மாதிரி இன்னொண்ணு வந்துது, அதையும் கீழதான் போடுவேன்."

"சுயநலம் பிடிச்சவன்டா நீ."

"ஆமா."

அவன் பல்காப்பைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனான். அடுத்த பந்து என் தலைக்கு மேலே சீறிக்கொண்டு போயிற்று. நான் திரும்புவதற்குள் அவனுடைய ஆள் அதைப் பிடித்து எல்லைக் கோட்டைத் தாண்டியிருந்தான்.

"பிராண்ட்வோல்ட்! நாம என்ன பேசினோம்?" என்று கோச் லைலைக் குடும்பப் பெயர் சொல்லிக் கத்தினார்.

"மறந்துட்டேன் கோச்!"

அதன்பிறகு லைல் என்னை உரித்துத் தொங்கவிட்டான். எறிய எறிய நான் ஏமாந்தேன். கோச் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான் ஒன்று என் கண்ணில் பட்டது. தூரப் பந்து எறியுமுன் லைலின் இடது குதிகால் லேசாக எழும்பியது. போன வாரம் வேறொருவன் வேஷத்தில் இருந்தபோது அது இல்லை.

அறைக்கு வந்ததும் கேட்டேன். "அந்தக் குதிகால் உன்னோடதா, அவனோடதா?"

"எந்தக் குதிகால்?" என்றான் லைல். அவனுக்கே தெரியவில்லை. சனிக்கிழமை வரப்போகும் எதிரணியின் குவார்ட்டர்பேக்கான செம்பட்டைத் தலையனின் வீடியோவை அவ்வளவு தடவை பார்த்திருக்கிறான். குதிகாலும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை பீட்ரூட் வயல் பக்கமிருந்து காற்று அடித்தது. ஆர்விட் வேலியோரம் அதே இடத்தில், காதுமூடித் தொப்பியோடு நின்றார். லைல் ஓரத்தில் கசங்காத சட்டையோடு நின்றான்.

ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் செம்பட்டைத் தலையன் பந்தை வாங்கிப் பின்வாங்கினான். இடது குதிகால் எழும்பியது. அவன் கை எழுவதற்குமுன் நான் ஓட ஆரம்பித்துவிட்டேன். பந்து என் நெஞ்சில் வந்து மோதியது. இந்தத் தடவை கீழே விடவில்லை. அதனால் கிடைத்த புள்ளிகளில் அந்தப் பருவத்திலேயே முதன்முறையாக நாங்கள் முன்னிலைக்கு வந்தோம். ஓரத்திலிருந்து லைல் பைத்தியம் பிடித்தவன்போல் குதித்தான்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பழகிப்போனதுதான் நடந்தது. கடைசி நிமிடத்துக்கு வந்தபோது எட்டிப் பிடிக்க வழியில்லாத தூரத்தில் இருந்தோம். நான் கோச்சிடம் ஓடினேன்.

"இனிமே என்ன கெட்டுடப் போகுது கோச்? லைலை உள்ள விடுங்க."

"நான் கேட்டதை அவன் செய்யலையே வேட்."

"அவன் செஞ்சிருந்தா நான் அந்தப் பந்தைப் பிடிச்சிருக்கவே மாட்டேன்."

அவர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கலாம். ஆனா பேச்சுன்னா பேச்சு" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதனாலேயே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விசில் ஊதினார்கள். பத்தாவதும் போயிற்று. லைலின் சட்டையில் ஒரு புல்கூட ஒட்டவில்லை. அதற்கு நான்தான் காரணம்.

பறித்த பந்தை விதிப்படி விளையாட்டுச் சாமான் அறையில் ஒப்படைக்க வேண்டும். நான் அதைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வேலியோரம் போனேன். லைல் அப்பாவின் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான். நான் பந்தை எடுத்து ஆர்விட்டிடம் நீட்டினேன்.

"இது உங்களுக்குத்தான் சார். உங்க பையன் எறிஞ்சது."

"அந்தச் செம்பட்டை எறிஞ்சதை என் கண்ணால பார்த்தேனே தம்பி."

"இவன் புதன்கிழமையே எறிஞ்சுட்டான் சார். பயிற்சியில. அன்னிக்கு பூரா எறிஞ்சான், ஒண்ணுகூட எனக்கு அகப்படலை. இன்னிக்குத்தான் கைக்கு வந்துது."

ஆர்விட் கையுறையைக் கழற்றினார். பந்தை வாங்கி, தையல்மேல் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு மகனைப் பார்த்தார்.

"நாலு வருஷமாத் தப்பான கிழமையில வந்துட்டிருந்திருக்கேன்போல" என்றார்.