மூன்று சுற்றுக்குப் பெட்ரோல் போதாது

பட்டறையில் எல்லோரும் அவளைக் கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய அணி ஒன்றில் பல வருஷம் பந்தயக் காரின் பக்கக் கண்ணாடிகளை மட்டும் வடிவமைத்தவள். கண்ணாடி ஒரு காரில் மாட்டப்படுகிறது என்பதைத் தாண்டி அங்கே யாரும் அவளிடம் காரைப் பற்றி எதுவும் பேசியதில்லை. மெத்தைக் கம்பெனி முதலாளி ஒருவர் புதிதாக அணி தொடங்கி, "முழு வண்டியும் நீங்கதான் பண்ணணும்" என்றபோது யோசிக்க அவகாசம் கேட்டாள். அவர் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் சரி என்றும் சொல்லிவிட்டாள்.

வண்டி உருவானது. வெளியே வாங்கிய கியர்பாக்ஸ், வரைபடத்தில் இருந்ததைவிட அரை சாண் நீளமாக வந்து சேர்ந்தது. எங்காவது இடம் பிடித்தாக வேண்டும். ஓட்டுநரை வெட்ட முடியாது, எஞ்சினை வெட்ட முடியாது. இரண்டுக்கும் நடுவே இருந்த பெட்ரோல் டேங்கில் கை வைத்தாள். அடுத்து வந்த வேலைகளில் மூழ்கி, டேங்குக் கணக்கைத் திரும்பப் பார்க்க விட்டுப்போயிற்று. சோதனை ஓட்டத்திலும் தப்பு வெளியே வரவில்லை. பெட்ரோல் தீரும் அளவுக்கு அந்த வண்டி ஒருநாளும் ஓடியதில்லை.

முதல் பந்தயத்துக்கு முந்தின வாரம் கணக்கைப் போட்டுப் பார்த்தவள், நேரே முதலாளியின் அறைக்குப் போனாள்.

"டேங்க் சின்னதாப் போச்சு சார். தப்பு என்னோடது. கடைசி மூணு சுற்றுக்குப் பெட்ரோல் போதாது."

"நடுவுல ஊத்திக்கலாமே?"

"ஊத்தக் கூடாது. விதி."

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சுவரில் அவருடைய மெத்தைகளின் விளம்பரம் தொங்கியது. அதில் ஒருவன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"பெருசு பண்ண முடியாதா?"

"முடியும். வண்டியை முதல்லேருந்து பண்ணணும். அஞ்சாவது ரேஸுக்கு வந்துடும்."

"அதுவரைக்கும்?"

அவள் வழியையும் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். முதலாவதாக வருகிறவன் கோட்டைத் தொட்டதும் பந்தயம் எல்லோருக்கும் முடிந்துவிடும். அவனுக்குப் பின்னால் கோட்டைத் தாண்டுகிறவன், எத்தனை சுற்று பின்தங்கியிருந்தாலும் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆகவே முதலில் போகிறவன் நம்மை மூன்று முறை முந்திவிட்டால், நாம் மூன்று சுற்று குறைவாக ஓடினால் போதும்.

"அதாவது, நாம தேவையான அளவுக்கு மெதுவாப் போகணும்," என்றார் முதலாளி.

"ஆமா சார்."

"நம்ம வண்டியால அது முடியுமா?"

"அதுக்குத் தோதான வண்டிதான்."

சிக்கல் ஓட்டுநரிடம் இருந்தது. அவனுக்குப் புயல் என்று பேர் வைத்திருந்தார்கள், அவனும் அதை நம்பினான். பெரிய அணிகள் கைவிட்டபிறகு கிடைத்த கடைசி இருக்கை இது. விஷயத்தைக் கேட்டதும் கையுறையைக் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றினான்.

"சரிக்கா. எப்படியும் முந்தத்தான் போறாங்க," என்றான்.

பந்தயத்தன்று மழை தூறியது. முன்னால் போன வண்டிகள் ஒன்றோடொன்று மோதி ஒதுங்க, ஒப்புக்குச் சப்பாணியாக வந்த இவர்கள் வண்டி சத்தமில்லாமல் மேலே ஏறியது. ஆள் குறைவான அணி என்பதால் ரேடியோவில் புயலோடு பேசுவதும் கண்ணாடி அக்காவின் வேலைதான். முதலாமவன் முதல் முறை முந்தினான். அவள் மனசுக்குள் நன்றி சொன்னாள். இரண்டாம் முறையும் முந்தினான். அதற்குப் பிறகு, ஜெயிப்பது உறுதி என்று தெரிந்துவிட்டதால், அவன் நிதானமாகிவிட்டான். புயலோ ஈரத்தில் மெய்ம்மறந்து ஓட்டிக்கொண்டிருந்தான். இந்த வண்டி அப்படி ஓடும் என்று அதைப் பெற்றவளுக்கே தெரியாது. அவள் திரையில் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு பெட்ரோல் அளவைப் பார்த்தாள். போதாது.

கடைசிச் சுற்றில் முதலாமவன் மூன்றாம் முறை முந்தாமல் இன்னும் புயலுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தான். புயல் அவனுக்கு முன்பே கோட்டைத் தாண்டினால் இன்னொரு சுற்று ஓட வேண்டும். அந்தச் சுற்றுக்குப் பெட்ரோல் இல்லை.

"தம்பி, வேகத்தைக் குறை. அவன் முந்தட்டும்."

"அவன் ரொம்பப் பின்னால இருக்கானேக்கா."

"அதனாலதான் சொல்றேன்."

திரையில் புயல் இன்னொரு வளைவை அதே வேகத்தில் திரும்பினான்.

"ஜெயிக்கிறவனுக்காக நான் வழியில காத்துக்கிட்டு நிக்கணும்."

"ஆமா தம்பி."

"வேற யார்கிட்டயாவது இப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல. கண்ணாடி பண்றவங்ககிட்ட ரேடியோ குடுக்க மாட்டாங்க."

கடைசி வளைவில் அவன் வண்டி ஓரமாக ஒதுங்கி, பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி ஊர்ந்தது. முதலாமவன் ஒரு கணம் திகைத்தான், பிறகு முந்தினான். புயல் உடனே அவனை ஒட்டிக்கொண்டு பாய, இரண்டு வண்டிகளும் அடுத்தடுத்துக் கோட்டைத் தாண்டின. நூறு அடி போவதற்குள் எஞ்சின் இருமி நின்றுவிட்டது. பந்தயம் முடிந்ததும் விதிப்படி சோதனைக்குக் கொடுக்க வேண்டிய துளிப் பெட்ரோல் மட்டும் டேங்கின் அடியில் மிச்சம் இருந்தது.

பதினாலாவது இடம். புது அணிகளில் பந்தயத்தை முடித்தது அவர்கள் மட்டும்தான். முதலாளி எல்லோரையும் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். தெரியாமல் பக்கத்து அணிக்காரர் இருவரும் அதில் சேர்ந்துவிட்டார்கள்.

கண்ணாடி அக்காவுக்கு அவள் அம்மா போன் செய்தாள்.

"ரெண்டாவதா வந்துட்டியே கண்ணு. டிவியில பார்த்தேன். எதிர்வீட்டுக்காரிகிட்டயும் சொல்லிட்டேன்."

"பதினாலும்மா."

"எப்படிடி? ஒட்டிக்கிட்டுதானே வந்தான்?"

"அவன் மூணு சுற்று பின்னாலம்மா."

"கண்ணால பார்த்தவகிட்ட சொல்றா பாரு," என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

புயல் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள்.

"நடுவுல கொஞ்ச நேரம் நல்லா ஓடுச்சுக்கா," என்றான் அவன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"பார்த்தேன்."

"நான் ஓட்டினதா, வண்டி ஓடினதா?"

அவள் யோசித்தாள். "தெரியலப்பா. அடுத்த ரேஸ்ல பார்க்கலாம்."

"அங்கேயும் காத்திருக்கணுமா?"

"காத்திருக்கணும்."

அவன் தலையாட்டிவிட்டு, ஈரப் பூட்ஸைக் கழற்ற ஒரு காலை அவள் பக்கம் நீட்டினான். அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சுலபத்தில் வரவில்லை.