மூணு பேர்தான்

கிளம்பும்போதே அக்கா ரைஸ் குக்கரைக் காரில் ஏற்றிவிட்டாள். மெர்சிங் படகுத் துறையிலிருந்து போகிற தீவு, மூன்று வேளையும் சாப்பாடு போடுகிற ரிசார்ட், அங்கே எதற்கு இது என்று கேட்டேன். "அவனுங்க போடற சோறு உனக்கு எறங்குமா?" என்றாள். புஷ்பவள்ளி அக்காவிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாருமில்லை. பிரேமலா போய் ஒரு வருடமாகி, திதியும் கொடுத்தாயிற்று, பிள்ளை முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று சொல்லி, என்னையும் என் மகள் பிரவீனாவையும் இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான்.

பிரேமலா என் மனைவி. டெங்கிக் காய்ச்சல் என்று படுத்தவள் ஐந்தாம் நாள் இல்லை. செனாயில் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்ட் வேலை அவளுக்கு. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு சைஸ் பெரிய சிலிப்பரை வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் டப், டப் என்று நடப்பாள். என் தூக்கத்தைக் கெடுப்பதற்கென்றே வாங்கினாயா என்று நான் எரிந்து விழாத காலை கிடையாது.

அஸ்தியைக் கெலாங் பாத்தா பக்கம் கடலில் கரைத்தோம். தலை முழுகியதும் திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும் என்று பூசாரி இரண்டு தடவை சொன்னார். நான் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை. பதினான்கு வருடமாக எங்கே கிளம்பினாலும், கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று கடைசியாக வருகிறவள் அவள். நாலடி நடந்துவிட்டுத் திரும்பி "வா" என்பது என் பழக்கம். அன்றும் தலை தானாகத் திரும்பியது. வாயும் "வா" என்றுவிட்டது.

மறுநாள் விடியலில் அடுக்களையில் டப், டப். அதிலிருந்து தினமும். எனக்குப் பயமே இல்லை. உள்ளதைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அக்கா எலுமிச்சம்பழமும் வேப்பிலையுமாக யாரையாவது கூட்டி வந்து விரட்டிவிடுவாள். தீவுக்கு வந்த மறுநாள் காலையிலும் அறைக்கு வெளியே வராந்தாப் பலகையில் அந்தச் சத்தம் கேட்டது. எல்லாக் கடலும் ஒரே கடல்தானே என்று நினைத்துப் போர்வைக்குள் சிரித்துக்கொண்டேன்.

அன்று அக்கா சுடிதாரோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கடலுக்கே சொந்தக்காரி மாதிரி நின்றிருந்தாள். பிரவீனா தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தென்னை மரத்தடியில் காலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ப்பா, காலையில உங்களுக்கும் கேட்டுச்சா?"

"என்னம்மா?"

"அம்மா சிலிப்பர்."

அவள் மணலைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு நீங்க திரும்பிப் பாத்தீங்க. நான் கார்ல இருந்து பாத்தேன். அத்தைகிட்ட சொல்லல."

"பயமா இருக்காம்மா?"

"மொதல்ல பயமா இருந்துச்சு. இப்ப பாவமா இருக்குப்பா. அடுப்பு வரைக்கும் வர்றாங்க, வாசலுக்குப் போறாங்க, மறுபடி வர்றாங்க. வேலைக்கும் போக முடியல, எங்கயும் போக முடியல. அம்மாவுக்கு டயர்டா இருக்கும் லா."

ஒரு வருடமாகப் பிள்ளையின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் படிப்புச் சுமை என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அதற்காகப் பிரேமலாவை அனுப்பிவைக்க மனமும் வரவில்லை. அந்தச் சத்தமும் போய்விட்டால் எனக்கென்று என்ன இருக்கிறது?

மூன்றாம் நாள் நண்பகலில் படகு வந்தது. கடலுக்குள் நீளமாகப் போகிற பலகைப் பாலம். அக்கா முதல் ஆளாகப் போய் ரைஸ் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்து பிரவீனா ஏறினாள். நான் மட்டும் பாலத்தில். சுள்ளென்று வெயில். எனக்குப் பின்னால் டப், டப்.

எப்போதும் போலத் தாமதமாகத்தான் வருகிறாள். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. படகிலிருந்து பிரவீனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, தலையாட்டவில்லை.

படகுக்காரர் தலைகளை எண்ணிவிட்டு, என் தோளைத் தாண்டிப் பாலத்தைப் பார்த்தார். "பெராப்பா ஓராங்?"

எத்தனை பேர் என்று மலாயில் கேட்கிறார். "வா" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"தீகா," என்றேன். யாரும் கேட்காமலே தமிழிலும் சொன்னேன். "மூணு பேர்தான்."

ஏறி உட்கார்ந்தேன். பாலத்தின் முனை வரைக்கும் வந்த சத்தம் அங்கேயே நின்றது. படகுக்காரர் கயிற்றை அவிழ்த்தார். பிரவீனா என் பிடரியில் கையை வைத்தாள். தலை திரும்பாமல் பிடித்துக்கொள்கிறாளா, தடவிக் கொடுக்கிறாளா, தெரியவில்லை.

"டேய் வசந்தா, ரூம் கதவ நல்லா பூட்டுனியா?" என்றாள் அக்கா.

நான் பூட்டியிருக்கவில்லை. முன்னால் தெரிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெர்சிங் கரை வரும்வரை பிரவீனா அந்தக் கையை எடுக்கவில்லை.