கிள்ளான் மேட்டில் எழுந்த அம்மன்

கிள்ளான் ஆற்றங்கரை மேட்டில் அரசாங்கக் கட்டடம் வரப்போகிறது, அதற்கு முன் மண்ணுக்குள் பழைய சாமான் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என மியூசியத் துரை ஒருவர் வந்து சேர்ந்தார். மண்வெட்டி ஓங்கக் கூடாது, கரண்டியால் சுரண்டு என்பார். மண் சுமக்க வந்த எங்களுக்குச் சிரிப்பு தாங்காது.

அப்படிச் சுரண்டியதில்தான் அந்தக் கல் தலைகாட்டியது. தட்டையான கல், தலையும் தோளும் வைத்தாற்போல வடிவம், தோள்பட்டையில் பூவேலை. அம்மன் என்று முதலில் சொன்னவளே நான்தான். துரை அதைக் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டதால் தினமும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். வருஷக்கணக்காகத் தங்காத பிள்ளை தங்கியது. அப்புறம் எவள் என்ன சொன்னால் எனக்கென்ன?

மழையில் வேலை இழுத்துக்கொண்டே போனது. எனக்கு ஏழாம் மாதம் நடந்தபோது துரை கல்லைப் பார்க்கக் கூப்பிட்டனுப்பி, பக்கத்து மலாய்க்காரர் ஊரான கம்பத்திலிருந்து ஒரு கிழவர் வந்தார். கல்லில் குங்குமத்தைக் கண்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று. தோள்துண்டால் அதைத் துடைத்தபடி மலாயில் ஏதோ சொன்னார். எங்களை வேலை வாங்கும் மண்டோர் தம்புசாமிக்கு மலாய் தெரியும்; என் பக்கம் திரும்பினார்.

"சாமி இல்லையாம் பவுனம்மா. அவங்க வம்சத்துப் பொம்பள ஒருத்தியப் பொதைச்ச எடமாம்."

பிணத்திடமா வரம் கேட்டேன்?

"புள்ளத்தாச்சி இங்க நிக்காதடி, வா," என்று என் வீட்டுக்காரர் பக்கிரிசாமி கையைப் பிடித்து இழுத்தார். நான் கையை உதறிக்கொண்டேன்.

எலும்புகளைக் கம்பத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்யக் கிழவர் அனுமதி கேட்டார். துரையும் சரி என்றார். மண்ணை விலக்கினார்கள். ஒருக்களித்துப் படுத்த எலும்புக்கூடு. அதன் இடுப்புக்குள் கோழிக்குஞ்சு எலும்பு போல, பொடிசாக இன்னொன்று.

பிள்ளை வெளியே வராமலே செத்தவள்! வயிற்றுக்குள் என் பிள்ளை உதைத்தது. நானும் இப்படித்தான் போகப்போகிறேனா? வாய்விட்டு அலறினேன். எல்லார் கண்ணும் குழிக்குள்ளேயே இருந்தது, யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

துரை அந்தப் பொடி எலும்புகளை மட்டும் பொறுக்கி, பஞ்சு விரித்த சின்னப் பெட்டியில் வைத்தார்.

"சின்னது மியூசியத்துக்கு வேணுமாம்," என்றார் மண்டோர்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ தெரியாது. குழிக்குள் இறங்கித் துரை கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கினேன். "அடியே, வேலை போயிடும்லா!" என்று மண்டோர் கத்தினார். கிழவர் கையில் அதைக் கொடுத்தேன். தெரிந்த நாலு மலாய் வார்த்தையும் மறந்துபோயிற்று.

"ஆத்தாகாரிகிட்டயே வச்சிடுங்க, தாத்தா," என்றேன்.

தமிழ் தெரியாத அந்தக் கிழவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையாட்டினார்.