ஏணி பீரும் புரட்டாசியும்

யுகேந்திரனின் குடும்ப விசேஷங்களில் சாப்பாடு முடிந்ததும் ஒரு கதை பரிமாறப்படும். சொல்பவர் எப்போதும் அவர் மனைவி விமலாவின் அண்ணன் தர்மா. ஈப்போவில் காப்புறுதி முகவராக இருப்பவர். பேசிப் பேசியே வீடு கட்டியவர்.

கதை அவர் வீட்டு ஆட்டோ கேட்டைப் பற்றியது. தர்மாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்த சமயத்தில், கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்க்கும் யுகேந்திரன், "வெளி ஆளு எதுக்கு மச்சான், நானே மாட்டித் தாரேன்" என்று தானாகத் திறந்து மூடும் கேட்டைப் பொருத்திக் கொடுத்தார். விசேஷத்தன்று சீர்த்தட்டுகளும் பெண்களும் உள்ளே போனதும் கேட் மூடிக்கொண்டது. பிறகு திறக்கவில்லை. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு மதில் ஏறிக் குதிக்க வேண்டியதாயிற்று. நடந்தபோது மதில் இடுப்பளவு உயரம். போன தீபாவளிக்குச் சொன்னபோது அது ஆளுயரத்தைத் தாண்டியிருந்தது.

யுகேந்திரன் ஒவ்வொரு முறையும் சிரித்து வைப்பார். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டது செரிக்கவில்லை என்பார்.

அந்தக் கதையை ஒழிக்க அவருக்கு ஒரு வழி கிடைத்தது, ஈப்போ பழைய டவுனில் ஒரு சின்ன பாரில். தர்மா அங்கே வாரம் ஒருமுறை போய், ஏணிப் படம் போட்ட அமெரிக்க டின் பீர் ஒன்றைக் குடிப்பார். டபுள் ஐபிஏ என்று அந்த வகைக்குப் பெயர். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவை மற்ற பீர்களைவிடப் பல மடங்கு அள்ளிப் போட்டுக் காய்ச்சுவது, போதையும் அதிகம். டின்னில் உள்ள பெயர் யாருக்கும் வாயில் நுழையாததால் அது வெறும் 'ஏணி'. இரண்டு வருடமாக அதைக் குடித்துவரும் தர்மா, அதைத் தானே காய்ச்சியவர் போலப் பேசுவார். அன்றைக்கு மச்சானுக்குத் துணையாகப் போயிருந்த யுகேந்திரன் ஒரு வாய் குடித்துவிட்டு டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலே சாமான்தான் மச்சான். தண்ணி, மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். இத வீட்டுலயே செய்யலாம்."

"செய்யலாம், செய்யலாம். கேட்டுக்கும் இப்படித்தானே சொன்ன."

"செஞ்சு காட்டுனா?"

தர்மா டின்னைக் கீழே வைத்தார். "ரெண்டு கிளாஸ்ல ஊத்தி வையி மாப்ள. எது ஏணி, எது ஒன்னோடதுன்னு எனக்குத் தெரியலன்னா, கேட்டு கதய அதோட விட்டுர்றேன். சாமி சத்தியமா லா."

பார்க்காரர் சாட்சி. யுகேந்திரன் அன்று இரவே கோலாலம்பூர் கடை ஒன்றிலிருந்து சாமான்களை வரவழைக்க ஏற்பாடு செய்தார். ஏணியைப் போலவே காய்ச்சுவது எப்படி என்று யூடியூபில் ஒரு தாடிக்காரர் சொல்லித் தந்தார்.

ஈப்போவை ஒட்டிய லகாட்டில் யுகேந்திரனுடையது தொடர்வீடு. ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், லூமுட்டுக்கு மீன்பிடிக்கப் போகும்போது கொண்டுபோகும் ஐஸ் பெட்டியைத் தேய்த்துக் கழுவி, அதில் உடைத்த மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, சுடுதண்ணீரில் ஊறப்போட்டார். அடுப்படி முழுக்க ஹார்லிக்ஸ் வாசம். விமலா எட்டிப் பார்த்தாள்.

"கெம்போங் மீன் வாடையும் வருதுங்க. அதுவும் சேத்தியா?"

"மூணு தடவ கழுவியிருக்கேன்."

"அப்ப அமெரிக்காக்காரன் தோத்தான் போங்க."

சாற்றை வடித்து அண்டாவில் கொதிக்கவைத்து ஹாப்ஸைப் போட்டதும் வாசம் மாறியது. பச்சையாக, கசப்பாக ஏதோ ஒன்று சுவர் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டு மாரியம்மா துணி காயப்போட வந்தவர், கையில் துணியோடு அப்படியே நின்றார்.

"விமலா, ஒன் வீட்டுக்காரரு சம்சு காச்சுறாரா?"

தோட்டங்களில் திருட்டுத்தனமாகக் காய்ச்சிய சாராயத்துக்குச் சம்சு என்று பெயர். பீடோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த மாரியம்மாவுக்கு, அண்டாவில் ஏதாவது கொதித்து அது கறியாக இல்லாவிட்டால் அது சம்சுதான். சாயங்காலத்துக்குள் செய்தி ஈப்போ போய்ச் சேர்ந்தது. போன் அடித்தது.

"சம்சு முதலாளி இருக்காரா?" என்றார் தர்மா.

யுகேந்திரன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஈப்போ வெயிலில் ஈஸ்ட் தாறுமாறாக வேலை செய்து பீரைக் கெடுத்துவிடும் என்று தாடிக்காரர் எச்சரித்திருந்தார். ஆகவே விமலாவின் இரண்டாவது ஃபிரிட்ஜைக் காலி செய்து, சூட்டை ஒரே அளவில் நிறுத்த ஒரு கருவியை மாட்டி, வாளியை உள்ளே வைத்தார். நொதித்து அடங்கியதும் இன்னொரு பங்கு ஹாப்ஸை ஆறிய பீரிலேயே போட்டார். அது கசப்புக்கு இல்லை, வாசத்துக்கு மட்டும். தொழிற்சாலையில் ஒரு வால்வைக்கூட அவர் இவ்வளவு பதமாகத் திருகியதில்லை.

பாட்டில்களில் அடைத்து மூடியதும் குடும்ப வாட்ஸ்அப்பில் அறிவித்தார்: பத்து நாளில் பாட்டிலுக்குள் கேஸ் ஏறி நுரை கட்டிவிடும், செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை தர்மா மச்சான் வந்து தீர்ப்புச் சொல்லலாம்.

தர்மாவின் குரல் பதிவு ஒன்று வந்தது.

"மாப்ள, அன்னைக்கு என்ன மாசம்?"

"செப்டம்பர்."

"தமிழ் மாசத்தக் கேட்டேன்."

யுகேந்திரன் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். மறுநாள் புரட்டாசி ஒன்று.

அவர்கள் குடும்பத்தில் புரட்டாசி முழுவதும் கவிச்சியும் இல்லை, குடியும் இல்லை. தர்மா சனிக்கிழமைதோறும் பெருமாள் கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போவார். யுகேந்திரனும் கல்யாணமான வருடத்திலிருந்து விரதம்தான். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் குடிக்க முடியாது. காய்ச்சியவரே தன் சரக்கை ருசி பார்க்க முடியாது. காத்திருக்கலாம் என்றாலோ, ஹாப்ஸ் வாசம்தான் முதலில் ஓடிப்போகும், புதிதாகவே குடியுங்கள் என்று தாடிக்காரர் ஒவ்வொரு காணொளியிலும் கெஞ்சியிருந்தார்.

"ஒனக்குத் தெரியாதா? ஏன் முன்னாடியே சொல்லல?" என்று விமலாவிடம் பாய்ந்தார்.

"எங்கிட்டயா கேட்டீங்க? அந்தத் தாடிக்காரன்கிட்டதானே எல்லாத்தையும் கேட்டீங்க. அவன் சொல்லலியா?"

அன்று சாயங்காலமே இரண்டாவது ஃபிரிட்ஜும் பறிபோனது. பெருமாளுக்கு வைக்கும் பாலும் துளசியும் இருக்கிற இடத்தில் பீர் இருக்கக் கூடாது என்றாள் விமலா. பாட்டில்கள் பின்கட்டில் தகரக் கூரை போட்ட சாமான் அறைக்குப் போயின.

"அங்க வச்சா வெந்துரும் விமலா."

"காச்சுனதுதானேங்க. இன்னும் கொஞ்சம் வேகட்டும்."

வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் யுகேந்திரன் சாமான் அறைக்குப் போய், காய்ச்சல் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் பாட்டில்களைத் தொட்டுப் பார்த்தார்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, கோயிலில் காய் நறுக்கிவிட்டு நெற்றியில் நாமத்தோடு தர்மா வந்தார். தயிர்ச் சாதம் சாப்பிட்டார். கையைக் கழுவினார். பின்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"குடிக்கத்தானே கூடாது மாப்ள. மோந்து பாத்தா என்ன?"

யுகேந்திரனுக்கு உயிர் வந்தது. "அதானே மச்சான்! இதுல பாதி வாசம்தான். ஹாப்ஸுன்னா என்னா? வெறும் பூ. பூவ மோந்து பாக்கறதுல என்னா குத்தம்?"

விமலா துளசி கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அண்ணே, சின்ன புள்ளையில சாமிக்கு வச்சிருந்த மல்லிப்பூவ நான் மோந்துட்டேன்னு என் மண்டையில கொட்டுனது யாரு?"

தர்மா பின்கட்டை விட்டுத் துளசியைப் பார்த்தார்.

"மோந்துட்டா அனுபவிச்ச மாதிரி, இனிமே அது சாமிக்கு ஆகாதுன்னு சொன்னது யாரு? பூவ மோந்தா அனுபவிச்சதுன்னா, பீர மோந்தா குடிச்சதுதானே?"

"அலாமாக், மாட்டிக்கிட்டேன்" என்றார் தர்மா மெதுவாக.

ஆனால் கேஸ் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது இயந்திரக்காரனின் கடமை, அதில் பாவம் வராது என்று யுகேந்திரன் வாதாடி ஒரு பாட்டிலுக்கு அனுமதி வாங்கினார். அடுப்படிச் சிங்க்கில் வைத்து மூடியைத் திறந்தார். வெள்ளை நுரை எழுந்து கழுத்தில் வழிந்தது. அதன் பின்னால் வாசம் வந்தது. தம்பூன் ஊர்ப் பம்பளிமாஸின் தோலை நகத்தால் கீறியதுபோல. பழுத்த மாம்பழமும் மழைக்குப் பிந்திய பச்சை இலையும் சேர்ந்ததுபோல.

தர்மா கூடத்தில்தான் நின்றார். மோந்து பார்க்கவில்லை. மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார், கொஞ்சம் ஆழமாக.

"என்ன மச்சான்?"

"இது ஏணி இல்லியே."

"நல்லா இல்லியா?"

"நல்லா இருக்கறது வேற கத மாப்ள. ஏணியில இந்த வாசம் கெடையாது. ஒரே மாதிரி இருக்கணும்னுதானே பேச்சு?" என்றவரின் முகம் மலர்ந்தது. "தீபாவளிக்கு ஊத்தி வையி. நான் கண்ண மூடிக்கிட்டே சொல்லிருவேன்."

விமலா குழாயைத் திறந்து அந்தப் பாட்டிலைச் சிங்க்கில் கவிழ்த்தாள். யுகேந்திரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போது அவருக்கு இரண்டு கவலை: காய்ச்சியது கெட்டுவிடுமோ என்று ஒன்று, கெடாமல் இருந்து தோற்றுவிடுமோ என்று இன்னொன்று.

புரட்டாசி முடிந்த மூன்றாம் நாள் தீபாவளி. ஆட்டுக்கறி இறங்கியதும் கூடத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். பாரிலிருந்து வாங்கி வந்த ஏணி டின்னையும், முந்தின நாள் ஃபிரிட்ஜுக்குத் திரும்பிய யுகேந்திரனின் பாட்டில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு விமலா அடுப்படிக்குள் போனாள். ஒரு கிளாஸின் அடியில் தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி, இரண்டிலும் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். எதன் அடியில் பொட்டு என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தர்மா கண்ணை மூடினார். ஒரு கிளாஸை எடுத்துக் குடித்தார். மற்றதைக் குடித்தார். கண்ணைத் திறந்தார். மறுபடி முதலாவது, மறுபடி இரண்டாவது. ஒரு துண்டு கறியைத் தின்றுவிட்டு இன்னொரு சுற்று.

"தொட்டுக்கக் கறி தீரப்போகுது, சீக்கிரம் சொல்லுங்க" என்றார் அவர் மனைவி கலாதேவி.

"இரு லா." தர்மா விமலாவைச் சந்தேகமாகப் பார்த்தார். "ஒரே டின்ன ரெண்டா ஊத்தி ஏமாத்துறியா?"

விமலா காலி டின்னையும் பாதிப் பாட்டிலையும் கொண்டுவந்து காட்டினாள். தர்மா அவற்றைப் பார்த்தார், கிளாஸ்களைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். கதை சொல்ல எழுந்து நிற்பவர்தான். அன்றைக்கு நின்ற நிலை வேறாக இருந்தது.

"எனக்குத் தெரியல. ரெண்டும் ஒண்ணுதான். மாப்ள ஜெயிச்சுட்டான். கேட்டு கத இன்னையோட சரி."

கலாதேவி கைதட்டினார். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். யுகேந்திரன் சிரித்தபடி கிளாஸ்களைத் தூக்கி அடியில் பார்த்து, பொட்டு வைத்ததை எடுத்துக் குடித்தார். கேஸ் ஏறிய தன் பீரை முதன்முதலாகக் குடிக்கிறார்.

சிரிப்பு நின்றது.

கசப்பு இருந்தது. வெல்லப்பாகு போன்ற ஒரு இனிப்பும் இருந்தது. பம்பளிமாஸ் இல்லை. மாம்பழம் இல்லை. அவர் அடுத்த கிளாஸைக் குடித்தார். அங்கேயும் அதே கசப்பு, அதே பாகு. காலி டின்னை எடுத்துக் கவிழ்த்து, அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"ஜனவரியில அடச்சது மச்சான். கப்பல்ல வந்து, எங்கெங்கயோ கெடங்குல கெடந்து, வெந்துதான் ஒங்க கைக்கு வந்திருக்கு. நீங்க ரெண்டு வருஷமா குடிக்கிறது செத்த ஏணி. என்னோடதும் தகரத்துக்குக் கீழ கெடந்து செத்துப்போச்சு. அதனாலதான் ஒண்ணா இருக்கு."

"செத்ததோ உசுரோட இருக்கறதோ, ஒண்ணா இருக்கா இல்லியா?"

"இருக்கு. ஆனா..."

"அப்ப ஜெயிச்சுட்ட. ஒக்காந்து கறி தின்னு."

"நான் ஜெயிக்கல மச்சான். அன்னைக்கு வாசம் வந்துச்சே, அதான் என்னோட பீரு. அதான் ஏணியும். அமெரிக்காவுல அப்படித்தான் இருக்கும்."

"ஜெயிச்சவன் சண்ட போட்டு இப்பத்தான் பாக்குறேன்" என்றார் கலாதேவி.

யுகேந்திரன் உட்காரவில்லை. "இன்னொரு தடவ காச்சுறேன். ஃபிரிட்ஜ விட்டு வெளிய எடுக்க மாட்டேன். கேஸ் ஏறுன அன்னைக்கே வந்து குடிங்க, அப்ப சொல்லுங்க."

தர்மா நிதானமாகக் கிளாஸைக் கீழே வைத்தார். விற்பனைக்காரர் வாடிக்கையாளருக்கு நிபந்தனையை விளக்கும் குரல் அவருக்கு வந்தது. "நல்லா யோசிச்சுக்க. அது நல்லா இருந்தா ஏணி மாதிரி இருக்காது. ஏணி மாதிரி இல்லன்னா நீ தோத்த. தோத்தா நான் கேட்டு கதயத் திரும்ப எடுத்துருவேன். மதிலு, வேட்டி, எல்லாம்."

விமலா கணவரைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள்.

"சொல்லிக்குங்க மச்சான்" என்றார் யுகேந்திரன்.

தர்மா நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்ப லா காச்சப் போற?" என்று கேட்டார்.