நாலு திராட்சை

புது நாய்க்குட்டி நாளைக்கு வருகிறது. அடையாறு கடையில் ஜெயராம் உள்ளங்கையளவு கிண்ணம், மெத்தை, கடிக்க ஒரு ரப்பர் எலும்பு என்று எடுத்துக்கொண்டிருந்தான். சாருலதா கூடையோடு கணவன் பின்னால் நடந்தாள்.

"கழுத்துப்பட்டை வாணாம் சார். சின்ன ஜாதி, மூச்சு அடைச்சுக்கும். மார்ல மாட்றது உள்ள கீது, எடுத்தாறேன். அதுக்குள்ள பிஸ்கட்டு பாருங்க," என்று கடைக்காரர் டில்லிபாபு உள்ளே போனார்.

"பிஸ்கட் எதுக்கு?" என்றான் ஜெயராம். "வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல்லேர்ந்து திராட்சையைப் பொறுக்கிக் குடுப்பியே, பழசு அதுக்குத் தவம் கிடக்குமே. இதுக்கு நான் குடுக்கறேன்."

பழைய குட்டி செத்து இரண்டு மாதம். திராட்சை நாய்க்கு விஷம், அதனால்தான் சிறுநீரகம் போனது என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொன்னார். வீட்டில் அவள் வைரஸ் என்றாள். அதை நம்பி ஜெயராம் குட்டியை விற்றவனைத் திட்டித் தீர்த்தான். அந்தத் திட்டுக்குப் பின்னால் அவள் பத்திரமாக இருந்தாள்.

பிஸ்கட்டே வாங்கலாம் என்று சொல்லி இப்போதும் தப்பிக்கலாம். ஆனால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. அவள் இல்லாத வேளையில் ஆசையாக நாலு திராட்சை கொடுப்பான்.

"குடுக்காதீங்கோ. வைரஸ் இல்லை. நான் குடுத்த திராட்சையாலதான் அது போச்சு."

"தெரிஞ்சுண்டேவா ரெண்டு மாசம் இருந்தே?"

ஆமாம் என்று அவள் தலையசைத்தாள்.

ஜெயராம் அவள் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டான். பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்துப் போட்டான்.

"இதுக்கு நான்தான் சாப்பாடு போடுவேன்," என்றான். "நீ கிட்ட வராதே."