தெருவுக்கு எதிர்ப்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு டை கட்டிக்கொண்டிருந்த ஆல்டனுக்குக் குளியலறையில் தொப்பென்று சத்தம் கேட்டது. ஓடினான். அவன் மனைவி வெர்லின் தரையில் கிடந்தாள். ஒரே வாந்தி. மூச்சு இழுத்து இழுத்து வாங்கியது. வாயில் அழுகிய பழ வாடை.

"இன்சுலின் போட்டியா இல்லியா?"

"பாதி பாதியாத்தான்... ரொம்ப நாளா."

அடிப்பாவி! ஒரு வார்த்தை சொன்னாளா? கல்யாணத்துக்கு முன் அவள் தெருவுக்கு எதிர்ப்பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தாள். அது ஆர்கன்சா மாநிலம், தெருதான் எல்லை. அங்கே ஏழைகளுக்கு அரசு மருத்துவக் காப்பீடு உண்டு, மருந்துக்குக் கவலையில்லை. இவனைக் கட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினாள். இந்தப் பக்கம் டெக்சஸ். சின்னப் பிள்ளை இல்லாதவர் எவ்வளவு ஏழையானாலும் அந்தக் காப்பீடு கிடையாது என்று இந்த மாநிலம் முடிவு செய்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே டெக்ஸார்கானா ஊர்தான், போவது ஒரே சர்ச்சுக்குத்தான். என்ன எழவு நியாயமோ!

ஆல்டன் போனை எடுத்தான். அவள் கையைப் பிடித்தாள்.

"இங்க வரச் சொல்லாத. அண்ணன் வாசல்ல கொண்டுபோய்ப் போடு. அங்கயே திரும்பிப் போயிட்டேன்னு சொல்லு, அந்த மாநிலமே பணம் கட்டிடும்."

"பைத்தியமாடி உனக்கு? உசுரு போகுது!"

"ஆஸ்பத்திரி பில்லு வந்தா உன் வீடு போயிடும். சீதனமா உனக்கு நடுத்தெருவத்தான் கொடுக்கணுமா?"

அந்த நிலைமையிலும் நக்கல்! வாதாட நேரமில்லை, வாரித் தூக்கிக்கொண்டு ஓடினான். நடுச்சாலையில் ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. "யோவ், சாகணும்னா வேற இடம் பாரு!" என்று கத்தினான் ஓட்டியவன்.

லாரி ஓட்டப் போயிருந்த அண்ணன் ஊரில் இல்லை. அண்ணன் வீட்டுப் புல்தரையில் அவளைக் கிடத்திவிட்டு ஆல்டன் ஆம்புலன்சை அழைத்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் கண் திறக்கவில்லை. இந்தத் தெருவைத் தாண்டிய நேரத்திலேயே அவளைக் கொன்றுவிட்டோமோ என்று நினைத்தான்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சர் ஏறியதும் அவனும் தொற்றி ஏறினான்.

"எந்த வீடு?" என்றாள் ஊசி போட வந்த பெண்.

"இதுதாம்மா. இவ அண்ணன் வீடு."

"நீங்க புருஷனா?"

ஆமென்றால் உன் வீடு எது என்று கேட்பாள். எதிரே அவன் வீட்டுக் கதவு திறந்தபடி கிடந்தது.

"இல்லம்மா. எதுத்த வீட்டு ஆளு."

"அப்ப எறங்குங்க ஐயா. சொந்தக்காரங்கதான் ஏறலாம்."

வெர்லின் கண் திறந்தாள். அவன் சட்டையை இறுகப் பிடித்தாள்.

"ஆல்டன், பயமா இருக்கு. கூட வா."

ஆல்டன் அவள் விரல்களைப் பிரித்துவிட்டுக் கீழே இறங்கினான்.